பழைய டீசல் வேன்: எந்த ஆண்டு வண்டியை நம்பி வாங்கலாம்?

திருக்கோகர்ணத்திலும் அதனையடுத்த சிற்றூர்களிலும் கத்தரி, வெண்டை, கீரை, மல்லிகை முதலியவற்றைப் பயிரிடும் குடியானவர்களுள் பலர், தங்கள் சரக்கைத் தாங்களே சந்தைக்குக் கொண்டுபோகும் பொருட்டுப் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்க எண்ணுகின்றனர். எண்ணம் நியாயமானதே. விடியுமுன் பறித்த பூ வெயில் ஏறுமுன் சந்தையைச் சேராவிடில் விலை இறங்கிவிடும். வாடகை வண்டி வரும் நேரமோ வண்டிக்காரரின் சௌகரியத்தைப் பொறுத்தது. புதிய வண்டியின் விலை சிறு நிலமுடையோருக்கு எட்டுவதில்லை. ஆகவே நகையை அடகு வைத்தோ, கறவை மாட்டை விற்றோ திரட்டிய தொகையுடன் தரகரிடம் செல்கின்றனர். அங்கே அவர்கள் முதலில் கேட்பது, "எந்த வருஷத்து மாடல் நல்லது?" என்பதே.

இது வீண் கேள்வி அன்று. ஆனால் இதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் இரண்டே. எவ்வளவு பிந்திய ஆண்டோ அவ்வளவு நல்லது என்பது ஒன்று. பழைய வண்டியே வண்டி, இப்போது வருவதெல்லாம் வெறுந்தகடு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நம்பி நஷ்டமடைந்தவர் உண்டு.

பூந்தோட்டம் உடைய குடியானவர் ஒருவர், புதிதாகவே இருக்கட்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேன் ஒன்றை வாங்கினார். தோட்டத்திலிருந்து புதுக்கோட்டைச் சந்தைக்கு நாள்தோறும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டம். உடனே திரும்பி வந்து நிறுத்திவிடுவார். சில மாதங்களுக்குள் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்று. பின்னர் வண்டி ஏற்றத்தில் ஏற மறுத்தது. பட்டறைக்காரர் கை விரித்தார். கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் சொன்ன தொகையைக் கேட்டு அவர் திகைத்துப் போனார். அதே ஊரில் மற்றொருவர் 2008-ஆம் ஆண்டு வண்டி ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கினார். எஞ்சின் கல்லுப்போல் இருந்தது உண்மையே. ஆனால் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கச் சென்றபோதுதான், பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும், சேஸிலுள்ள பற்றவைப்பைப் பரீட்சை அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதையும் அறிந்தார்.

இருவரும் ஆண்டைப் பார்த்தே வாங்கினர். ஆயினும் ஆண்டு என்பது வயதைக் காட்டும் எண் மாத்திரம் அன்று. வண்டி எந்தப் புகை விதியின் கீழ்ச் செய்யப்பட்டது என்பதையும் அது காட்டும். அந்த விதியே, எஞ்சினைச் சுற்றி என்னென்ன கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன, அவை கெட்டால் செப்பனிட வல்லவர் பக்கத்தில் உண்டா, எவ்வளவு செலவாகும் என்பவற்றைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றது.

புகை விதிகளும் எஞ்சின்களும்

பாரத் ஸ்டேஜ், சுருக்கமாகப் பி.எஸ்., என்று வழங்கும் இவ்விதிகள் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டு வந்துள்ளன. 2010-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பி.எஸ். 3 தேச முழுவதும் அமலுக்கு வந்தது. சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் அவ்வாண்டு ஏப்ரல் முதலே பி.எஸ். 4 வந்துவிட்டது, ஏனைய இடங்களுக்கு மெல்லப் பரவி, 2017 ஏப்ரல் 1 முதல் அது எங்கும் கட்டாயமாயிற்று. ஐந்தாம் படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்தது. டீசலிலுள்ள கந்தகத்தின் அளவும் இவற்றோடு குறைக்கப்பட்டது. பத்து லட்சம் பங்கு டீசலுக்குப் பி.எஸ். 3 காலத்தில் 350 பங்கு இருக்கலாம் என்றிருந்தது, பி.எஸ். 4-இல் 50 ஆகவும், பி.எஸ். 6-இல் 10 ஆகவும் இறங்கிற்று.

குடியானவர்களுக்கு டீசல் எஞ்சின் புதியதன்று. கிணற்றடியில் ஆயில் எஞ்சினைச் சுற்றி ஓட்டியவர்கள் அதன் குணத்தை நன்கு அறிவர். காற்றை மிகுதியாக அழுத்தினால் அது சூடேறும். அச்சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். இதுவே டீசல் எஞ்சினின் தத்துவம். நிலக்கடலை விளையும் இப்பக்கத்தார்க்கு ஒரு செய்தி சுவையாயிருக்கும்: 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துக் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயைக் கொண்டே ஓட்டிக் காட்டப்பட்டது. இதைப் படித்துவிட்டு எவரும் இக்காலத்து வேனில் கடலை எண்ணெயை ஊற்றிவிட வேண்டாம். பம்பும் நாசிலும் அடைத்துப் பாழாகிவிடும்.

பி.எஸ். 3 காலத்துச் சிறிய வண்டிகள் பலவற்றின் எஞ்சின், கிணற்றடி எஞ்சினின் நெருங்கிய உறவு எனலாம். டீசலை அளந்து தள்ளுவது யந்திரப் பம்பு. அதற்குக் கணினியின் துணை வேண்டுவதில்லை. நம் பக்கத்தில் குட்டி யானை என்று குழந்தைகளும் பெயரிட்டழைக்கும் டாட்டா ஏஸ் 2005-ஆம் ஆண்டு மே மாதம் விற்பனைக்கு வந்தபோது, இரண்டு சிலிண்டரும் 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சினோடு வந்தது. அதன் சக்தி சுமார் 16 குதிரைத் திறனே. பாரம் முக்கால் டன். வேகமும் இல்லை, சௌகரியமும் இல்லை. ஆனால் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் அதனைப் பிரித்துக் கூட்ட வல்லவர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நாசில் கெட்டால் கழற்றிச் சீர்ப்படுத்தி மாட்டலாம்.

இதற்கு மாறானது காமன் ரயில் என்னும் ஏற்பாடு. இதில் டீசல் ஒரு பொதுக் குழாயில், ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கி வைக்கப்படுகின்றது. எந்த நொடியில் எவ்வளவு தெளிப்பது என்பதை ஒரு சிறு கணினி கட்டளையிடும். எஞ்சின் வலுவாகவும் அமைதியாகவும் ஓடும், புகை குறையும். ஆனால் இன்ஜெக்டரின் துவாரங்கள் மிக நுண்ணியவை. துருவோ ஒரு துளி நீரோ உட்சென்றால் கெட்டுவிடும். கெட்டதைப் பரீட்சிக்கத் தனி யந்திரம் வேண்டும். அதற்குத் திருச்சி போன்ற நகரத்தை நாட வேண்டியிருக்கும். பம்பு செட்டுக்கென்று பீப்பாயில் வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்கு வேனில் ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. பழைய பம்பு அதனைப் பொறுத்துக்கொள்ளும். காமன் ரயில் பொறுக்காது.

இங்கே ஆண்டை மாத்திரம் நம்புவது எவ்வளவு தவறு என்பதைக் காணலாம். ஒசூரில் செய்யப்பட்டு 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்து, பி.எஸ். 3 காலத்ததாயினும், தொடக்கத்திலேயே மூன்று சிலிண்டர் காமன் ரயில் எஞ்சினோடு வந்தது. ஒன்றேகால் டன் சுமக்கும் நல்ல வண்டி; ஆனால் ஏஸ் போன்ற எளிய யந்திரம் அன்று. ஆகவே 2012-ஆம் ஆண்டு ஏஸும் அதே ஆண்டுத் தோஸ்தும் வயதில் ஒன்றேயன்றிப் பராமரிப்பில் ஒன்றல்ல.

உதிரி பாகம் கிடைப்பதும் ஆண்டோடு சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம். மஹிந்திரா மாக்ஸிமோ 2010-இல் வந்து சில ஆண்டுகளுக்குப் பின் நின்றுபோயிற்று. மாருதி சூப்பர் கேரி 2016-இல் 793 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினுடன் வந்தது. 2020-இல் அக்கம்பெனி டீசல் எஞ்சினையே கைவிட்டது. இவை மட்டமான வண்டிகள் என்பதன்று. ஆனால் வழக்கொழிந்த எஞ்சினுக்கு ஒரு சிறு பாகம் வேண்டி பத்து நாள் வண்டி நின்றால், அப்பத்து நாளும் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் யார் கணக்கில் சேரும்? அவ்வகை வண்டி மலிவாக வரினும், உள்ளூர்ப் பட்டறையில் பாகம் கிடைப்பதை விசாரித்த பின்னரே அதன் அருகிற் செல்லலாம்.

பி.எஸ். 6 வண்டி யாருக்கு ஏற்றது?

மேலே சொன்ன பூந்தோட்டக்காரருக்கு நேர்ந்தது இன்னதென்பதை இனிக் கூறலாம். பி.எஸ். 6 டீசல் வண்டிகளில், கரித்துகளை வெளியே விடாது பிடித்து வைக்கும் வடிகட்டி பெரும்பாலும் சைலன்சர்க் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கும். பிடித்த கரி நிரம்பியதும் அதனை உள்ளேயே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கால் மணி, அரை மணி நேரம் ஓடினால் அச்சூடு உண்டாகி, வடிகட்டி தானே சுத்தமாகிவிடும். நாலு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, மீண்டும் நாலு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகின்றது. எரிப்பு பாதியில் நிற்கும். கரி மேலும் மேலும் சேரும். எரிப்பதற்கென்று மிகையாகத் தெளிக்கப்பட்ட டீசல் சிலிண்டர்ச் சுவரின் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்வதும் உண்டு. ஆயில் அளவு குறையாமல் கூடியிருக்கக் கண்டால் மகிழ வேண்டாம். அது கெட்ட குறி.

அக்குடியானவர் பெருந்தொகை செலவிட்டு வடிகட்டியைச் சுத்தம் செய்வித்தார். பிறகு அவரும் பக்கத்துத் தோட்டக்காரர் இருவரும் கூடி, வாரத்தில் மூன்று நாள் பூவைச் சேர்த்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்கு அவ்வண்டியிலேயே கொண்டுபோகத் தொடங்கினர். மஞ்சள் விளக்கு அதன்பின் எரியவில்லை. வண்டி கெட்ட வண்டி அன்று; வேலைதான் அதற்கு ஒவ்வாததாயிருந்தது.

யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டிய வண்டிகளும் பி.எஸ். 6-இல் உண்டு. இது விஷயத்தில் விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை மிக அவசியம். வண்டிக்குரிய கரைசல், நூற்றுக்கு 32.5 பங்கு மிகச் சுத்தமான யூரியாவும் எஞ்சியது அயனி நீக்கிய நீருமாகச் செய்யப்பட்டது. வீட்டில் உர மூட்டை இருக்கிறதே என்று அதனைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோர் உண்டு. உர யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகின்றது. அவ்வெண்ணெயும், உரத்திலுள்ள மற்ற அசுத்தங்களும் விலையுயர்ந்த கருவியைக் கெடுத்துவிடும். மேலும், மானிய விலை உரத்தைப் பயிருக்கன்றி வேறொன்றுக்கு உபயோகிப்பது சட்டப்படி குற்றம்.

ஆகவே நீண்ட ஓட்டம் உடையவர்க்கு, அதாவது திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கோ அதற்கு அப்பாலோ வாரத்திற் பலமுறை செல்பவர்க்கு, 2021-க்குப் பிற்பட்ட வண்டி பொருந்தும். உள்ளூர்ச் சந்தையோடு நிற்பவர் அதனைத் தவிர்ப்பதே நலம். டீசல் வண்டியே வேண்டுமா, சிறிய பெட்ரோல் வண்டி போதாதா என்பதையும் அத்தகையோர் ஒருமுறை யோசிக்கலாம்.

எந்த ஆண்டுகள்?

இனி நேராகவே சொல்லலாம். திருக்கோகர்ணத்துக் குடியானவர் ஒருவர் நாள்தோறும் குறுகிய தூரம் ஓட்டுவதற்கு 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட பி.எஸ். 4 வண்டியை முதலில் தேட வேண்டும். பி.எஸ். 4 எங்கும் கட்டாயமாகி ஓராண்டு கழிந்த பின் செய்யப்பட்டவை ஆதலின், புதிய மாற்றத்தின் தொடக்கக் குறைகள் பெரும்பாலும் திருத்தப்பட்டிருக்கும். பி.எஸ். 6-க்குரிய கரி வடிகட்டியின் தொல்லையும் அவற்றில் இல்லை. பதினைந்து ஆண்டு எல்லைக்கும் இன்னும் காலம் உண்டு. எந்த விதி மாற்றமாயினும், மாறிய முதலாண்டு வண்டியை விட்டு அதற்கு அடுத்த ஆண்டு வண்டியை எடுப்பது பட்டறைக்காரர்கள் அநுபவத்தில் கண்ட வழி.

அவ்வளவு தொகை இல்லாதவர்க்கு 2014 முதல் 2016 வரையிலுள்ள, யந்திரப் பம்பு கொண்ட பி.எஸ். 3 வண்டி இரண்டாவது தேர்வு. மெக்கானிக் எளிதில் கிடைப்பார், செலவும் அடக்கம். ஆனால் எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுத்த தகுதிச் சான்றை, அதன் பின்னர் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்பதையும், ஏழாண்டு கடந்த போக்குவரத்து வாகனத்துக்குத் தமிழ்நாட்டில் பசுமை வரி உண்டு என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

2010-க்கு முற்பட்ட வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். அவை யாவும் பதினைந்து ஆண்டு கடந்தவை. அத்தகைய வண்டிகளின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டுவிட்டது. வாங்கிய விலையில் பெரும்பங்கு சில ஆண்டுகளில் கட்டணமாகவே போய்விடும்.

2017, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியவை. பி.எஸ். 3 வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கலாகாதென்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மார்ச் 29-ஆம் தேதி உத்தரவிட்டது. எஞ்சியிருந்த இரண்டு நாளில் தேங்கிய சரக்கைப் பெருந்தள்ளுபடியில் விற்றுத் தீர்த்தனர். ஆகவே 2017 மார்ச் கடைசியில் பதிவான வண்டியை '2017 மாடல்' என்று தரகர் புகழ்ந்தாலும், அது அதற்கு முந்திய ஆண்டில் செய்யப்பட்டுக் களத்தில் நின்ற பி.எஸ். 3 வண்டியாக இருக்கக் கூடும். 2020-இலும் இத்தகைய குழப்பம் உண்டு. ஊரடங்கினால் பதிவு தடைப்பட்ட பி.எஸ். 4 வண்டிகளுள், மார்ச் 31-க்குள் விற்று வாகன் மின்பதிவேட்டில் ஏற்றப்பட்டவற்றை மாத்திரம் பதியலாம் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. எனவே 2020-ஆம் ஆண்டுப் பதிவு என்றால், அது பி.எஸ். 4-ஆ பி.எஸ். 6-ஆ என்பதை ஆவணத்தில் கண்டே அறிய வேண்டும்.

உண்மையான ஆண்டைக் காண்பது எளிது. பதிவுச் சான்றில், பதிவான தேதியோடு வண்டி செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் தனியே காட்டப்பட்டிருக்கும். அதனைச் சேஸ் எண்ணோடு ஒப்பிட வேண்டும். சேஸ் எண்ணில் பதினேழு குறிகள் உண்டு. பெரும்பாலான கம்பெனிகளில் அவற்றுள் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும்: 2014-க்கு ஆங்கில எழுத்து இ, 2015-க்கு எஃப், 2016-க்கு ஜி, 2017-க்கு ஹெச், 2018-க்கு ஜே, 2019-க்கு கே, 2020-க்கு எல், 2021-க்கு எம். ஐ என்ற எழுத்து விடப்பட்டுள்ளது. சேஸில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்துப் பார்த்தே படிக்க வேண்டும். அவ்விடத்தில் அரம் தேய்த்த தடமோ, புதிய வர்ணமோ இருப்பின் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஆண்டு நல்லதாயினும்

நல்ல ஆண்டு வண்டியும் கெட்ட கையில் கெட்டுவிடும். வண்டி முன்னர் என்ன வேலை செய்தது என்பதை விசாரிப்பது, மைல் கணக்கைப் பார்ப்பதினும் பயன் தரும். மைல் கணக்கைத் திருத்துவது கடினமன்று. நம் ஜில்லாவில் இரண்டு வகை வண்டிகளிடம் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். ஒன்று, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்தில் மீன் ஏற்றியது. ஐஸ் கரைந்து ஒழுகும் உப்பு நீர் பாடியின் அடித்தகட்டையும் சேஸையும் உள்ளிருந்து அரித்திருக்கும். மேலே வர்ணம் பளபளக்கும். சிறு சுத்தியலால் அடிப்பக்கம் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். மற்றொன்று, கல் உடைக்கும் கிரஷர்களில் ஓடியது. கல்தூசி காற்று வடிகட்டியைக் கடந்து சிலிண்டரைத் தேய்த்திருக்கும். அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் வில் பட்டைகள் நிமிர்ந்தும், சேஸ் நடுவில் கீறியும் இருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருவதுண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. ஆசனத்தை நீக்கி அதன் கீழுள்ள திருகுகளில் துருவும், மூலைகளில் வண்டலும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கணினி கொண்ட வண்டிக்கு வெள்ளம் தீராத நோய். இன்று ஓடும், நாளை நிற்கும். டில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை ஏற்பட்டதனால் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வரும் வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு அவ்விடத்து ஆட்சேபணையின்மைச் சான்று முறையாக இல்லாவிடில் இங்கே பதிவு மாற்ற இயலாது.

வண்டியைப் பார்க்கச் செல்லும் நேரம் காலையாக இருக்கட்டும். முன்னறிவிப்பின்றிச் சென்று, எஞ்சினைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மாத்திரமே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த எஞ்சின் எழும்பச் சிரமப்படுவதை மறைக்கிறார் என்று கொள்ளலாம். எழும்பியவுடன் சிறிது வெண்புகை தோன்றி மறைவது இயல்பு. நில்லாமல் வருமாயின் அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். நீலப்புகை ஆயில் எரிவதன் அடையாளம். கரும்புகை காற்று வடிகட்டி, நாசில், பம்பு ஆகிய ஒன்றின் குறை. இம்மூன்றில் முதலாவது அற்பச் செலவு, மற்றவை அல்ல. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து புகை குபுகுபுவென்று அடித்து மூடியையே தள்ளுமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. எஞ்சின் வேலை அருகில் உள்ளது. மூடியின் உட்புறம் மோர் போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துள்ளது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, நீரின் மேல் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பின்னர் நாலு மூட்டை ஏற்றிக்கொண்டு திருச்சி ரஸ்தாவில் கீரனூர் வரை போய்வர வேண்டும். வெறும் வண்டியை ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவதால் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிடில் கிளட்ச் பிளேட் தேய்ந்தது. கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கும் வண்டி எங்கோ மோதியது. திரும்பி வந்து நிறுத்தியவுடன் கீழே குனிந்து ஒழுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடனழைத்துச் சென்று அவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பதை வீண் செலவென்று எண்ணலாகாது. தரகருக்கு வேண்டிய மெக்கானிக்காக அவர் இருக்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பற்றியே பலர் மணிக்கணக்கிற் பேசுகின்றனர். கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு பெரிதன்று. ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் 500 லிட்டர் வேண்டும்; 14 கொடுத்தால் ஏறக்குறைய 643 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 13,000 ரூபாய். காமன் ரயில் எஞ்சினில் இன்ஜெக்டர்களும் பம்பும் ஒருமுறை மாற்ற நேரிட்டால் பல ஆண்டுகளின் டீசல் மிச்சம் ஒரே நாளில் கரைந்துவிடும். பூ சந்தை சேராத நாட்களின் நஷ்டம் இதில் சேராது.

காகிதங்கள்

பதிவுச் சான்று, தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ், வரி ரசீது ஆகியவற்றை விற்பவர் காட்டும் நகலில் மாத்திரம் பாராமல், எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தும் சரிபார்க்க வேண்டும். புகை விதி எது என்பதும், கடன் நிலுவையில் உள்ளதா என்பதும் அங்கே தெரியும். பைனான்ஸ் நிலுவை காட்டினால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவம் கைக்கு வருமுன் முழுத் தொகையைக் கொடுத்தல் ஆகாது. 29, 30 ஆகிய எண்ணுள்ள படிவங்களில் விற்பவர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியது சட்டம். பெயர் மாற்றாமலே பல மாதம் ஓட்டுவது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. இடையில் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு வழக்காட வேண்டியவர் வாங்கியவரே. விற்றவரும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்வது பேருதவியாகும்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஏஸ் போன்றவை இவ்வரம்புக்குள் அடங்கும்; பெரிய பிக்கப் வண்டிகளுள் சில அடங்கா. ஆதலின் பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இலகு ரக மோட்டார் வாகன லைசென்ஸ் உடையவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பது 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வால் உறுதி செய்யப்பட்டது. இதன் பொருட்டுத் தனி பாட்ஜ் வேண்டும் என்று பணம் கேட்போரை நம்ப வேண்டாம்.

கடலை பறிக்கவும் நாற்று நடவும் கூலியாட்களைச் சரக்கு வேனின் பின்னால் நிறுத்தி ஏற்றிச் செல்லும் வழக்கமும் பெருகி வருகின்றது. அவ்வாறு சென்ற வண்டி கவிழ்ந்தால், பின்னால் இருந்தவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது. நஷ்ட ஈடு வண்டிக்காரரின் நிலத்தின் மேல் வரும். பத்துப் பேரை ஏற்ற வேண்டியவர் சரக்கு வேன் வாங்காமல், ஆசனம் வைத்துப் பதிவான வேனை வாடகைக்கு அமர்த்திக்கொள்ள வேண்டும்.

வண்டி கைக்கு வந்த அன்றே எஞ்சின் ஆயில், ஆயில் வடிகட்டி, டீசல் வடிகட்டி, காற்று வடிகட்டி ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். முந்தியவர் எப்போது மாற்றினார் என்ற வார்த்தையை நம்பலாகாது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாயின் அதனையும் மாற்றுவது உசிதம், ஏனெனில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே சிதைந்துவிடும். டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணம் இருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதன் திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிட வேண்டும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வைத்திருந்தால், பிற்காலத்தில் அவ்வண்டியை விற்க நேரும்போது வாங்குபவர் அந்நோட்டைப் பார்த்தே விலை பேசுவார்.